செய்தியோடையும் தேடுபொறி வரிசையும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

ஒரு செய்தி பிறப்பதும் அது மக்களைச் சென்று சேர்வதும் இருவேறு நிகழ்ச்சிகள். பண்டைக் காலத்தில் விழாச் செய்தியையும் அரசாணையையும் யானைமீது முரசேற்றி வள்ளுவர் நகரெங்கும் அறிவித்தனர். பிற்காலத்தில் ஊர்தோறும் தண்டோராப் போடப்பட்டது. செய்தி வந்துள்ளது என்று சொல்வதோடு முரசறைவோன் கடமை முடிந்தது. அச்செய்தி உயர்ந்ததா தாழ்ந்ததா என்று முடிவு செய்வது கேட்போரின் உரிமையாக இருந்தது. அறிவிப்பு வேறு, மதிப்பு வேறு என்னும் இவ்வேறுபாடு எவருக்கும் எளிதில் விளங்கக் கூடியதே. ஆயினும் இணைய உலகில் ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் இவ்விரண்டும் ஒன்றாகக் கருதப்பட்டமையால் பெருங்குழப்பம் விளைந்தது. அக்குழப்பத்தின் நடுவில் நின்றது, தமிழில் 'செய்தியோடை' என்று வழங்கும் ஆர்.எஸ்.எஸ். என்னும் சிறு கோப்பு.

தம் தளத்தில் ஓடை ஒன்றை அமைத்துவிட்டால் தேடுபொறிகளின் பட்டியலில் தம் இடம் உயரும் என்று நம்பியோர் பலர். பிறருடைய ஓடையை எடுத்துத் தம் தளத்தில் ஓடவிட்டால் உழையாமலே உயரலாம் என்று எண்ணியோரும் பலர். அந்நம்பிக்கை எவ்வாறு பிறந்தது, அதில் எவ்வளவு உண்மை இருந்தது, அதனால் இழந்தவர் யார் என்பவற்றை வரலாற்று முறையில் காண்பது பயனுடையது. எழுதுவோர்க்கும் படிப்போர்க்கும் இடையிலுள்ள வாயிலைக் காப்பவர் யார் என்னும் வினா அவ்வரலாற்றினுள் பொதிந்து கிடக்கிறது.

ஓடையின் பிறப்பு

1999ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் அமெரிக்க நாட்டின் நெட்ஸ்கேப் நிறுவனம் இந்த வடிவத்தை முதன்முதலில் வெளியிட்டது. அந்நிறுவனம் 'மை நெட்ஸ்கேப்' என்னும் நுழைவுத்தளம் ஒன்றை நடத்திவந்தது. அதைப் பயன்படுத்துவோர் ஒவ்வொருவரும் தமக்கு விருப்பமான தளங்களின் தலைப்புச் செய்திகளைத் தம் சொந்தப் பக்கத்தில் ஒருசேர வைத்துப் பார்க்க வேண்டும் என்பதே நோக்கம். தளம் நடத்துவோர் தம் புதிய பக்கங்களின் தலைப்பையும் முகவரியையும் ஒழுங்கான ஒரு சிறு கோப்பில் எழுதிவைத்தால், நெட்ஸ்கேப்பின் கணினி அதனை அவ்வப்போது எடுத்துச் சென்று வாசகரின் பக்கத்தில் காட்டும்.

இவ்வடிவத்தை உருவாக்கியவர்கள் டான் லிபி, இராமநாதன் வி. குகா ஆகிய இருவர். குகா சென்னையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பொறியியல் பயின்று 1986இல் பட்டம் பெற்றவர்; பின்னர் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். ஆப்பிள் நிறுவனத்தில் பணியாற்றிய காலத்திலேயே, ஒரு பக்கம் எதைப் பற்றியது என்பதை மனிதர் படிப்பதற்கன்றிக் கணினி படித்தறிவதற்கு எழுதிவைக்கும் முறைகளை அவர் ஆராய்ந்தார். அவ்வாராய்ச்சியின் தொடர்ச்சியாகவே ஆர்.டி.எப். என்னும் விவரிப்பு முறையும், அதனை அடியாகக் கொண்டு ஓடையின் முதல் வடிவமும் தோன்றின. சென்னையில் கற்ற ஒருவரின் கை இதன் தொடக்கத்திலேயே இருந்தது என்பது நினைவிற்கொள்ளத் தக்கது.

அதே ஆண்டு சூலையில் லிபி அவ்வடிவத்தை எளிமையாக்கி 0.91 என்னும் எண்ணுடன் வெளியிட்டார். யூசர்லேண்ட் நிறுவனத்தின் டேவ் வைனர் தனியே அமைத்திருந்த வடிவத்தின் கூறுகளும் அதில் சேர்க்கப்பட்டன. ஓர் ஓடையில் 15 உருப்படிகளுக்கு மேல் இருத்தலாகாது என்பது அக்காலத்து விதி. ஒவ்வோர் உருப்படிக்கும் ஒரு தலைப்பு, ஒரு முகவரி, விரும்பினால் ஒரு சிறு விளக்கம் அமையும். இவ்வளவே ஓடை. இத்துணைச் சிறிய பொருளை வைத்துக்கொண்டு பிற்காலத்தில் எத்துணைப் பெரிய வாணிகம் நடந்தது என்பது வியப்பிற்குரியது.

கிளைகளும் பெயர்களும்

நெட்ஸ்கேப் நிறுவனத்தை அமெரிக்கா ஆன்லைன் நிறுவனம் வாங்கிய பின்னர் இம்முயற்சி கைவிடப்பட்டது. 2001இல் மை நெட்ஸ்கேப் தளம் ஓடைகளை ஏற்பதை நிறுத்தியது. பெற்றோர் கைவிட்ட பிள்ளையை ஊரார் எடுத்து வளர்த்தனர்; ஆனால் ஆளுக்கொரு முறையில் வளர்த்தனர். 2000ஆம் ஆண்டு திசம்பரில் குகா உள்ளிட்ட ஒரு குழுவினர் ஆர்.டி.எப். அடிப்படைக்கே திரும்பி 1.0 என்னும் வடிவத்தை வெளியிட்டனர். அக்குழுவில் இடம்பெற்ற ஆரன் சுவார்ட்ஸ் என்னும் சிறுவருக்கு அப்போது அகவை 14. அதே மாதத்தில் வைனர் எளிமையை வலியுறுத்தி 0.92 என்னும் வடிவத்தை வெளியிட்டார். 2002 செப்டம்பரில் அவர் 2.0 வடிவத்தை வெளியிட்டார். 2003 சூலையில் அதன் உரிமை ஆர்வர்டு பல்கலைக்கழகத்தின் பெர்க்மன் மையத்திற்கு அளிக்கப்பட்டது. இப்பூசல்களினின்றும் விலகி நிற்க விரும்பியோர் 2003இல் 'ஆட்டம்' என்னும் மற்றொரு வடிவத்தைத் தொடங்கினர். அது 2005 திசம்பரில் இணையப் பொறியியல் பணிக்குழுவின் ஆவணமாக வெளிவந்தது.

ஆர்.எஸ்.எஸ். என்னும் மூன்றெழுத்தின் விரிவும் இவ்வாறே மாறியது. முதலில் 'ஆர்.டி.எப். தளச் சுருக்கம்' என்றும், பின்னர் 'வளமான தளச் சுருக்கம்' என்றும், இறுதியில் 'மெய்யாகவே எளிய பகிர்வு' என்றும் பொருள் கூறப்பட்டது. பெயர் மூன்றாயினும் பணி ஒன்றே. 2002 நவம்பரில் நியூயார்க் டைம்சு நாளிதழ் தன் செய்திகளுக்கு ஓடைகளை அமைத்தது. 2005 திசம்பரில் மைக்ரோசாப்ட் நிறுவனம், பயர்பாக்சு உலாவியில் வழங்கிய செம்மஞ்சள் நிறச் சின்னத்தையே தானும் ஏற்றுக்கொண்டது. தளங்களின் ஓரத்தில் அச்சின்னத்தைக் காண்பது அதன்பின் எங்கும் வழக்கமாயிற்று.

இவ்வடிவங்களுள் எதனிலும் தேடுபொறி வரிசை என்னும் பேச்சே இல்லை என்பது ஈண்டுக் கருதத்தக்கது. ஓடையை அமைத்தோர் கண்முன் இருந்தவர் வாசகர் ஒருவரே.

தேடுபொறியின் அளவுகோல்

ஓடை பிறப்பதற்குச் சற்று முன்னர்த்தான் தேடுபொறிகளின் உலகிலும் பெருமாற்றம் நிகழ்ந்திருந்தது. ஸ்டான்போர்டு பல்கலைக்கழக மாணவர்களான லாரி பேஜ், செர்கி பிரின் ஆகியோர் 'பேஜ்ரேங்க்' என்னும் முறையை வகுத்து, 1998 செப்டம்பரில் கூகுள் நிறுவனத்தைத் தொடங்கினர். ஒரு பக்கத்தில் ஒரு சொல் எத்தனை முறை வந்துள்ளது என்பதை மட்டும் எண்ணாமல், பிற பக்கங்கள் எத்தனை அதனைச் சுட்டுகின்றன, சுட்டும் பக்கங்களின் தகுதி யாது என்பவற்றையும் கணக்கிடுவது அம்முறை. சான்றோர் ஒருவர் சுட்டிக்காட்டும் நூலுக்கு மதிப்பு மிகும் என்னும் உலகியல் வழக்கே அதன் அடிப்படை.

இம்முறை மதிப்பை அளந்ததேயன்றிப் புதுமையை விரைந்து காணவில்லை. கணினி நிரல்கள் தளந்தளமாகச் சென்று பக்கங்களைத் திரட்டிவந்தன. தொடக்க ஆண்டுகளில் கூகுளின் முதன்மைப் பட்டியல் ஏறத்தாழ மாதம் ஒருமுறையே புதுப்பிக்கப்பட்டது. இன்று எழுதிய பக்கம் தேடுவோர் கண்ணில் படுவதற்குப் பல வாரங்கள் ஆகலாம். அதுவரை அப்பக்கம் எத்துணைச் சிறந்ததாயினும் தேடுபொறியைப் பொறுத்தமட்டில் இல்லாத பக்கமே. எழுதுவோர்க்கு இஃது ஒரு மெய்யான குறை. அக்குறையைத் தீர்க்கும் கருவியாகவே ஓடை தேடுபொறியின் வாயிலை அடைந்தது.

இரண்டும் சந்தித்த இடம்

ஒரு தளத்தின் எல்லாப் பக்கங்களையும் ஒவ்வொரு முறையும் படித்துப் பார்ப்பதைவிட, அத்தளம் தானே எழுதிவைத்துள்ள புதியன பட்டியலைப் படிப்பது கணினிக்கு எளிது. ஓடையில் முகவரி இருந்தது. வெளியிட்ட நாளும் நேரமும் இருந்தன. ஒவ்வோர் உருப்படிக்கும் தனி அடையாளக் குறி அமைக்கவும் 2.0 வடிவம் இடம் தந்தது. ஆகவே வலைப்பதிவுகளைத் தேடுவதற்கென்று எழுந்த தேடுபொறிகள் ஓடைகளையே மூலமாகக் கொண்டன. கூகுளும் 2005 செப்டம்பரில் அத்தகைய தேடல் ஒன்றைத் தொடங்கியது.

அதே ஆண்டு சூன் மாதத்தில் கூகுள் 'தள வரைபடம்' என்னும் முறையை அறிமுகப்படுத்தியது. தளம் நடத்துவோர் தம் பக்க முகவரிகள் அனைத்தையும் ஒரு கோப்பில் எழுதித் தேடுபொறிக்கு அளிக்கலாம்; தனி வரைபடம் அமைக்க இயலாதோர் தம் செய்தியோடையையே அதற்கு மாற்றாக அளிக்கலாம் என்று அறிவிக்கப்பட்டது. 2006 நவம்பரில் யாகூவும் மைக்ரோசாப்டும் இம்முறையை ஏற்றுக்கொள்ள, அது பொதுமுறையாயிற்று. ஒரு வரைபடக் கோப்பில் 50,000 முகவரிகள் வரை இடம்பெறலாம். ஓடையிலோ அண்மையில் வந்தவை மட்டுமே இருக்கும். ஊரின் முழு வரைபடத்திற்கும், நேற்று ஊருக்குள் வந்தோர் பெயர்ப் பட்டியலுக்கும் உள்ள வேறுபாடு இது.

மயக்கம் தொடங்கியது இவ்விடத்தில்தான். ஓடை அமைத்த தளத்தின் புதிய பக்கம் விரைவில் தேடுபொறிக்குத் தெரியவந்தது. விரைவில் தெரியவந்ததால் விரைவில் பட்டியலில் தோன்றியது. ஒரு நிகழ்ச்சியைப் பற்றி வேறு எவரும் எழுதாத அன்றே தோன்றியதால் சிலபோது மேலிடத்திலும் நின்றது. இதனைக் கண்டோர், ஓடையே வரிசையை உயர்த்திற்று என்று முடிவு கட்டினர். முதலில் வந்தவருக்கு முன்னிருக்கை கிடைத்ததைக் கண்டு, வாயிற்காவலன் கொடுத்த சீட்டுக்கே அப்பெருமை என்று எண்ணியதை ஒக்கும் இது. பின்னர் வந்தோர் அவரினும் தகுதியுடையோராக இருந்தால் இருக்கை மாறிவிடும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

எனினும் அந்நம்பிக்கை முழுப் பொய்யன்று. ஓடையின் வழியாகப் படித்தவர்கள் தமக்குப் பிடித்தவற்றைத் தம் தளங்களில் சுட்டினார்கள்; அச்சுட்டுகள் பேஜ்ரேங்க் முறையில் மதிப்பாகக் கணக்கிடப்பட்டன. ஆக, ஓடையால் வரிசை உயர்ந்ததாயின் அது வாசகர் வழியாக உயர்ந்ததேயன்றி ஓடையினால் நேரே உயர்ந்ததன்று. நடுவே நின்ற வாசகரை மறந்துவிட்டு ஓடையையும் வரிசையையும் மட்டும் இணைத்துப் பார்த்ததே பிழை.

பிறர் ஓடையைத் தம் தளத்தில் விடுதல்

ஓடையை வெளிவிடுதல் ஒரு வழி. பிறர் ஓடையை உள்வாங்கிக் காட்டுதல் மற்றொரு வழி. இரண்டாம் வழியே மிகுந்த கேட்டிற்கு இடமாயிற்று. அடிக்கடி மாறும் தளத்தைத் தேடுபொறி அடிக்கடி நாடிவரும் என்பது அக்காலத்தில் பரவலாகப் பேசப்பட்டது. நாள்தோறும் புதிதாக எழுதுவது கடினம்; பிறர் நாள்தோறும் எழுதுவதை எடுத்துக் காட்டுவது எளிது. ஆகவே செய்தி நிறுவனங்களின் ஓடைகளைத் தம் பக்கங்களின் ஓரத்தில் பொருத்தினர் பலர்.

இதில் தொழில்நுட்ப வேறுபாடு ஒன்று உண்டு. வாசகரின் உலாவி பக்கத்தைத் திறந்த பின்னர், ஜாவாஸ்கிரிப்ட் நிரலின் மூலம் ஓடையை வரவழைத்துக் காட்டுவது ஒரு முறை. இம்முறையில் வந்த சொற்கள் மனிதர் கண்ணுக்குத் தெரிந்தனவேயன்றி, அந்நாளைய தேடுபொறி நிரல்களுக்குப் பெரும்பாலும் தெரியவில்லை. பக்கத்தை அனுப்பும் வழங்கிக் கணினியே ஓடையைப் படித்து, அதன் சொற்களைப் பக்கத்தினுள் எழுதி அனுப்புவது மற்றொரு முறை. இம்முறையில் அச்சொற்கள் அப்பக்கத்தின் சொந்தச் சொற்களைப் போலவே தேடுபொறிக்குத் தோன்றின. வரிசையை விரும்பியோர் இரண்டாம் முறையையே நாடினர்.

நேர்மையாகச் செய்யப்பட்டவிடத்து இதில் தவறொன்றும் இல்லை. மூலத் தளத்தின் பெயரைக் கூறி, தலைப்பை மட்டும் காட்டி, வாசகரை அங்கே அனுப்பிவைப்பது ஓடையின் இயல்புக்கு ஒத்ததே. ஆனால் 2003இல் கூகுளின் ஆட்சென்சு விளம்பர முறை வந்த பின்னர், எவ்வளவு சிறிய தளமும் விளம்பரத்தால் வருவாய் ஈட்ட இயலும் என்னும் நிலை தோன்றியது. அதன்பின் பல்லாயிரம் பக்கங்களைத் தாமாகவே உண்டாக்கும் நிரல்கள் எழுந்தன. அவை ஓடைகளிலிருந்து முழுக் கட்டுரைகளையே எடுத்து, எழுதியவர் பெயரை நீக்கி, விளம்பரங்களுக்கிடையே இட்டு நிரப்பின. 2005 அளவில் இத்தகைய போலிப் பதிவுகளுக்கென்று ஆங்கிலத்தில் தனிச்சொல்லே தோன்றிவிட்டது.

இங்கேதான் எழுதுவோர்க்கு மெய்யான இழப்பு நேர்ந்தது. ஒரே கட்டுரை இரண்டு இடங்களில் இருக்கக் கண்ட தேடுபொறி அவற்றுள் ஒன்றையே முன்னே காட்டும். எது மூலம், எது நகல் என்பதை அறிய அதனிடம் உறுதியான சான்று இல்லை. நகலெடுத்த தளத்தை முதலில் கண்டிருந்தாலோ, அதற்குச் சுட்டுகள் மிகுதியாக இருந்தாலோ, நகலே மேலே நின்றது. மூலம் கீழே மறைந்தது. வாசகரின் வசதிக்காக எழுத்தாளர் திறந்துவைத்த வாயில், அவரது உழைப்பைக் கவர்வோர்க்கும் வழியாயிற்று. அதனால் பலர் தம் ஓடையில் முழுக் கட்டுரையை வைப்பதை நிறுத்தி முதற்சில வரிகளை மட்டும் வைத்தனர். கட்டுரையினுள் தம் தளத்தின் முழு முகவரியோடு கூடிய சுட்டுகளை அமைத்தனர். நகலெடுத்தவன் அறியாமலே மூலத்தைச் சுட்டட்டும் என்பது அவர்கள் கருத்து. கள்வனுக்கு அஞ்சிக் கதவைச் சுருக்கிய நிலையில், நல்ல விருந்தினரும் குனிந்தே நுழைய வேண்டியதாயிற்று.

நீதிமன்றம் சென்ற வினா

பெயரைக் கூறித் தலைப்பையும் முதல் வரிகளையும் மட்டும் எடுத்தால் அது முறையா என்னும் வினா நீதிமன்றத்திற்கும் சென்றது. அமெரிக்காவின் மாசசூசெட்சு மாநிலத்தில் உள்ளூர்ச் செய்தித்தாள்கள் பலவற்றை நடத்திய கேட்கவுசு மீடியா நிறுவனம், பாஸ்டன்.காம் தளத்தை நடத்திய நியூயார்க் டைம்சு நிறுவனத்தின்மீது 2008 திசம்பரில் வழக்குத் தொடுத்தது. பாஸ்டன்.காம் ஊர்வாரியாக அமைத்த பக்கங்களில் கேட்கவுசு செய்திகளின் தலைப்பும் தொடக்க வரியும் மூலத்திற்கான சுட்டுடன் காட்டப்பட்டன என்பதே வழக்கின் பொருள். விசாரணை தொடங்குமுன் 2009 சனவரியில் இரு தரப்பினரும் உடன்பாடு கண்டனர். தலைப்புகளையும் தொடக்க வரிகளையும் அவ்வாறு எடுத்துக் காட்டுவதை நிறுத்தப் பாஸ்டன்.காம் ஒப்புக்கொண்டது.

வழக்கு தீர்ப்பளவிற்குச் செல்லாமையால் சட்ட வினா விடையின்றியே நின்றது. ஆயினும் சுட்டு கொடுப்பது உதவியா, செய்தியின் சாரத்தை எடுத்துக்கொண்டு சுட்டை மட்டும் திருப்பிக் கொடுப்பது உதவியா என்னும் வேறுபாட்டை அது பலர் கண்முன் நிறுத்தியது.

தேடுபொறிகள் கற்ற பாடம்

மூலத்தையும் நகலையும் பிரித்தறிவது தமக்கும் இன்றியமையாதது என்பதைத் தேடுபொறிகள் படிப்படியாக உணர்ந்தன. நகல்களே நிறைந்த பட்டியலை எவரும் நாடார் அன்றோ? 2009 பிப்ரவரியில் கூகுள், யாகூ, மைக்ரோசாப்ட் ஆகிய மூன்றும் ஒரு பக்கத்தின் முதன்மை முகவரி எது என்பதைத் தளம் நடத்துவோரே குறித்துவைக்கும் குறி ஒன்றை ஏற்றன. 2011 சனவரியில் கூகுள் தன் கணக்கீட்டில் ஒரு மாற்றம் செய்து, நகலெடுத்த தளத்தைவிட மூலத் தளமே முன்னே தோன்றும் வாய்ப்பு மிகும் என்று அறிவித்தது. அடுத்த மாதமே 'பாண்டா' என்று பின்னர்ப் பெயர்பெற்ற பெருமாற்றம் நடைமுறைக்கு வந்தது. பயனற்ற பக்கங்களை மிகுதியாகக் கொண்ட தளங்களைக் கீழிறக்கிய அம்மாற்றம், அமெரிக்காவில் நிகழ்ந்த தேடல்களுள் 11.8 விழுக்காட்டைக் குறிப்பிடத்தக்க அளவில் பாதித்ததாக அந்நிறுவனமே தெரிவித்தது. பிறர் ஓடைகளால் பக்கங்களை நிரப்பி வாழ்ந்த முறைக்கு அது பேரிடியாயிற்று.

பிறர் ஓடைகளை எடுத்து, வாசகர்க்குத் தனிப்பயன் எதனையும் சேர்க்காமல் வெளியிடுவதைக் கூகுளின் விதிகள் குறையாகவே கூறிவந்தன. 2024 மார்ச்சில் திருத்தப்பட்ட விதிகளிலும், ஓடைகளைச் சுரண்டி மிகப்பல பக்கங்களை உண்டாக்குவது விலக்கப்பட்ட செயல்களுள் ஒன்றாகப் பெயர்சுட்டிக் கூறப்பட்டது. சொற்களை மாற்றியோ மொழிபெயர்த்தோ இட்டாலும் குற்றம் குற்றமே என்பது அதன் கருத்து.

நேர்மையான பயனுக்கோ வழி அடைபடவில்லை. 2014 அக்டோபரில் கூகுள் வெளியிட்ட அறிவுரையில், தளத்தின் எல்லாப் பக்கங்களையும் தெரிவிக்கத் தள வரைபடத்தையும், அண்மை மாற்றங்களைத் தெரிவிக்கச் செய்தியோடையையும் ஒருங்கே பயன்படுத்துமாறு கூறப்பட்டது. புதிய உருப்படி வந்தவுடன் காத்திருக்காமல் அறிவிக்கும் 'வெப்சப்' முறை 2018 சனவரியில் உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் பரிந்துரையாயிற்று. கண்டறிவதற்கு ஓடை, மதிப்பிடுவதற்கு வேறு அளவுகோல் என்னும் பிரிவினை இவ்வாறு தெளிவாயிற்று.

தமிழ்ச் சூழலில் ஓடை

ஓடை பிறந்த 1999ஆம் ஆண்டிலேயே சென்னையில் தமிழ்இணையம் மாநாடு நடைபெற்றது என்பது காலப் பொருத்தம். அம்மாநாட்டை ஒட்டித் தாம், தாப் என்னும் எழுத்துக் குறியேற்றங்கள் வகுக்கப்பட்டன. அக்காலத்துத் தமிழ்த் தளங்கள் பல தத்தமக்கெனத் தனி எழுத்துருவைக் கொண்டிருந்தன. ஒரு தளத்தின் எழுத்து மற்றொரு தளத்தின் பக்கத்தில் பொருளற்ற குறிகளாகத் தோன்றும். அந்நிலையில் பல தளங்களின் தலைப்புகளை ஒரே பக்கத்தில் திரட்டிக் காட்டுவதும் இயலாது. தமிழ்ச் சொல்லைத் தட்டெழுதி எல்லாத் தளங்களிலும் தேடுவதும் இயலாது. ஒருங்குறி பரவிய பின்னரே இவ்விரண்டும் ஒருசேர இயல்வனவாயின. தமிழைப் பொறுத்தமட்டில் ஓடைக்கும் தேடலுக்கும் ஒரே திறவுகோல் ஒருங்குறியே எனலாம்.

2004இல் காசி ஆறுமுகம் தொடங்கிய 'தமிழ்மணம்' என்னும் திரட்டி இவ்வாய்ப்பை நன்கு பயன்படுத்தியது. பல நாடுகளில் வாழ்ந்த தமிழர் எழுதிய வலைப்பதிவுகளின் ஓடைகளைப் படித்து, புதிய பதிவுகளின் தலைப்பையும் எழுதியவர் பெயரையும் அது ஓரிடத்தில் காட்டியது. தலைப்பைத் தொட்டால் வாசகர் மூலப் பதிவுக்கே சென்றார். தேடுபொறியில் தமிழ்ச் சொற்களைத் தேடும் வழக்கம் பரவாத அந்நாளில், எழுதுவோர்க்கு வாசகரைத் தேடித் தந்தது திரட்டியே. ஓடையைக் கொண்டு கவர்வதற்கும் ஓடையைக் கொண்டு தொகுப்பதற்கும் உள்ள வேற்றுமை இதில் விளங்கும்.

தொகுத்தல் தமிழர்க்குப் புதிதன்று. சங்கப் பாடல்களைத் தொகுத்தோர் பாடலோடு பாடியவர் பெயரையும் காத்தனர். பெயர் மறைந்துபோன இடங்களிலும், பாடலின் சிறந்த தொடரையே பெயராக்கிச் செம்புலப்பெயனீரார் என்பதுபோல் வழங்கினர். பெயரை நீக்கிப் பாடலைத் தமதாக்கிக்கொள்வதன்று, பெயரில்லாதவர்க்கும் பெயர் தந்து நிறுத்துவதே தொகுப்பாளர் கடமை என்பது அதனால் பெறப்படும்.

வாசகர் பட்டியலும் பொறியின் பட்டியலும்

ஓடையின் வரலாற்றில் மற்றொரு திருப்பமும் குறிப்பிடத் தக்கது. 2005 அக்டோபரில் கூகுள் தொடங்கிய 'ரீடர்' என்னும் சேவையில் வாசகர் தாம் விரும்பும் தளங்களின் ஓடைகளைத் தாமே தெரிந்தெடுத்துப் படித்துவந்தனர். 2013 மார்ச்சில் அதனை மூடப்போவதாக அந்நிறுவனம் அறிவித்தது. மூட வேண்டா என்று ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டும் பயனின்றி, அவ்வாண்டு சூலை முதல் நாள் அது மூடப்பட்டது. 2018 திசம்பரில் பயர்பாக்சு உலாவியும் தன்னுள் இருந்த ஓடை வசதியை நீக்கியது.

இந்நிகழ்ச்சி ஒரு சேவையின் முடிவு மட்டுமன்று. வாசகர் தாமே எழுதிவைத்த பட்டியலின் இடத்தை, பொறி கணக்கிட்டுத் தரும் பட்டியல்கள் பிடித்துக்கொண்டமையின் அடையாளமாகவும் அது அமைந்தது. முன்னதில் எவரை முதலில் படிப்பது என்பதை வாசகர் முடிவு செய்தார். அங்கே வரிசை கிடையாது, வந்த நேரமே ஒழுங்கு. பின்னதில் அம்முடிவு வேறோரிடத்தில் செய்யப்படுகிறது. புகழ் பெறாத எழுத்தாளருக்கு முன்னது தந்த உறுதி ஒன்று உண்டு: நூறு பேர் அவரைத் தெரிந்தெடுத்திருந்தால், அவர் எழுதிய அன்றே அந்நூறு பேருக்கும் அது சென்று சேர்ந்துவிடும். பொறியின் பட்டியலில் அத்தகைய உறுதி எவருக்கும் இல்லை.

எனினும் ஓடை மறைந்துவிடவில்லை. 2000ஆம் ஆண்டின் வடிவத்தில் சேர்க்கப்பட்ட இணைப்புக் கூறு ஒன்றினால் ஒலிக் கோப்புகளையும் அனுப்ப இயன்றது. 2004இல் பரவத் தொடங்கிய வலையொலி நிகழ்ச்சிகள் இன்றும் பெரும்பாலும் அவ்வோடையின் வழியாகவே கேட்போரை அடைகின்றன. ஓடையை அமைத்தோருள் ஒருவரான குகாவும் தம் ஆராய்ச்சியை விட்டுவிடவில்லை. ஒரு பக்கத்திலுள்ள பொருள் நூலா, நிகழ்ச்சியா, ஆளா என்பதைக் கணினிக்கு உணர்த்தும் 'ஸ்கீமா' என்னும் பொதுச் சொற்றொகுதியைக் கூகுளும் யாகூவும் மைக்ரோசாப்டும் 2011 சூனில் இணைந்து வெளியிட்டபோது, அதனை வகுத்தோருள் அவரும் ஒருவராக இருந்தார்.

நிறைவுரை

செய்தியோடை தேடுபொறி வரிசையை உயர்த்துமா என்னும் வினாவிற்கு வரலாறு தரும் விடை தெளிவானது. ஓடை ஒரு பக்கத்தின் வரவை விரைந்து அறிவிக்கும். அதன் தகுதியைக் கூட்டாது. பிறர் ஓடை தம் பக்கத்தை நிரப்பும். நிரப்பியவருக்கு நிலையான இடத்தைத் தராது. இடையில் சில ஆண்டுகள் நகல் மூலத்தை வென்றதுண்டு. அவ்வெற்றிக்கு விலை கொடுத்தவர்கள் வாயிலைத் திறந்துவைத்த எழுத்தாளர்களும், முழுமையாகப் படிக்கும் வசதியை இழந்த வாசகர்களுமே ஆவர்.

ஆகவே தம் எழுத்திற்குத் தளம் அமைக்கும் இலக்கிய அமைப்புகளும் இதழ்களும் ஓடை ஒன்றையும் தவறாது அமைத்தல் நன்று. தேடுபொறி விரைந்து அறிந்துகொள்ளும் என்பது அதற்கு ஒரு காரணம். அதனினும் பெரிய காரணம், தம்மைத் தெரிந்தெடுத்த வாசகரை எந்தப் பட்டியலின் தயவும் இன்றி நேரே சென்றடையும் வழி அது என்பதே. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஓடையை அமைத்தோர் எண்ணியதும் அவ்வளவுதான்.